கீழ்ப்பாதியின் நிழல்

2024 ஏப்ரல் 27, சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். வானத்தில் மேகம் ஒன்றுகூட இல்லை. காற்றும் இல்லை. காய் உலர்த்தும் ஸ்டோரின் வெளிச்சுவரில் நான் மாட்டியிருந்த வெப்பமானி முப்பத்தைந்து டிகிரி காட்டியது. போடியில் சித்திரை மாதத்தில் முப்பத்தைந்து என்றால், வெயில் தணிந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பிவிடுவோம். ஆனால் நான் நின்றிருந்த இடம் போடி அல்ல. போடிமெட்டைத் தாண்டி, கேரள எல்லைக்குள், ஏலமலைச் சரிவு. சித்திரையிலும் பிற்பகலில் தோளில் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்த இடம்.

அந்த நேரத்தில்தான் என் தங்கையின் பாதியில் முதல் தூர் சாய்ந்தது. ஏலச்செடி ஒற்றைத் தண்டாக நிற்பதில்லை. நாற்பது ஐம்பது தட்டைகள் ஒன்றாக எழுந்து ஒரு தூராக நிற்கும். காலையிலிருந்தே இலைகள் பாய்போலச் சுருண்டுகொண்டிருந்தன. இரண்டு மணிக்கு மேல் ஒரு தூரின் தட்டைகள் இடுப்பொடிந்தது போல நடுவில் மடங்கின. ஐந்து மணிக்கு நான் எண்ணியபோது முப்பத்தொரு தூர்கள் அப்படிக் கிடந்தன. மேலே என் பாதியில் ஒன்றுகூட இல்லை.

எங்கள் தோட்டம் இரண்டு ஏக்கர். அப்பா போன பிறகு மேல் ஏக்கர் எனக்கு, கீழ் ஏக்கர் தங்கைக்கு. நான் நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு வருடம் சங்கிலி பிடித்தவன். பாகத்தை நானே அளந்தேன். ஒரு சாண்கூட ஏறாமல் குறையாமல் கல் நட்டேன். அவள் பாதியில் நானூற்றுப் பன்னிரண்டு தூர்கள். அவளுக்கு ராசிங்காபுரத்தில் வீடு. கணவர் இறந்து பதினோரு வருடம் ஆகிறது. ஒரே மகன் கோயம்புத்தூரில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறான். நல்ல பையன். மாதம் தவறாமல் "வந்து எங்களோட இரும்மா" என்று கூப்பிடுவான். தோட்டம் இருக்கிறது, காய் எடுக்க வேண்டும், ஆள் விட வேண்டும் என்று அவளும் மாதம் தவறாமல் பதில் சொல்லுவாள். காலை ஐந்தரைக்கு ஜீப்பில் தொற்றிக்கொண்டு மலையேறி, மாலையில் கை முழுக்க ஏலக்காய் மணத்தோடு இறங்குவதுதான் அவளுக்கு வாழ்க்கை. கீழ்ப்பாதி இருக்கும்வரை அவள் யார் வீட்டிலும் போய் உட்கார வேண்டியதில்லை. அது போனால் மூன்றாவது மாடிதான்.

ஏலத்துக்கு நிழல் வேண்டும். ஆனால் அளவாக வேண்டும். வெயில் காலத்தில் பலாவும் முள்முருங்கையும் சந்தனவேம்பும் குடைபோல் கவிந்து நிற்க வேண்டும். தென்மேற்கு மழை தொடங்குவதற்கு முன்னால் அந்தக் குடையைப் பாதி மடக்கிவிட வேண்டும். மரத்தை வெட்டச் சட்டம் இடம் தராது. ஆள் ஏறிக் கிளைகளைக் கழிப்பார்கள். கவாத்து என்போம். அதைச் செய்யாவிட்டால் மழைக்காலத்தில் வெளிச்சம் இறங்காது, ஈரம் காயாது, காய் தூரடியில் படரும் சரத்திலேயே அழுகும். இரண்டு மூன்று கோடை மழை பெய்து மண் குளிர்ந்ததும், சித்திரை பாதிக்கு மேல் கவாத்து. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இதுதான் முறை. மழை முறையாக வந்தவரை இந்த முறையிலும் குற்றமில்லை.

அதற்கு முந்தைய வருடம் மழை முறை தவறி வந்தது. கவாத்துக்கு ஆள் கிடைக்கும் முன்பே கொட்டத் தொடங்கிவிட்டது. நனைந்த மரத்தில் ஏற எவனும் வரவில்லை. கழிக்காத நிழலுக்குக் கீழே கீழ்ப்பாதி ஒரு மாதம் ஈரத்தில் ஊறியது. இயல்பாகவே கீழ்ப்பாதியில் ஈரம் அதிகம். அவளுடைய காயில் சரிபாதி அழுகிப் போயிற்று. அழுகிய சரங்களை அவளே கூடையில் அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டினாள். சாயங்காலம் ஜீப்பில் இறங்கும்போதுதான் சொன்னாள்.

"அடுத்த வருசம் வெரசாக் கழிச்சிரணும்ணே. இன்னொரு வருசம் இப்பிடிப் போனா நான் கோயம்புத்தூர் பஸ்சு ஏற வேண்டியதுதான்."

அந்தப் பேச்சு என் தலைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது. 2024 மார்ச் மாதம் மூன்றாவது வாரம் மலையில் ஒரு மழை பெய்தது. ஒரே ஒரு மழை. முற்றத்தில் கிடந்த வாளியில் நான்கு விரல் உயரம் நின்றது. மறுநாளே சிலமலை கிராமத்திலிருந்து மரம் ஏறுகிறவர் போன் செய்தார். வருடா வருடம் எங்களுக்குக் கவாத்து செய்கிறவர். அவரோடு மூன்று பேர்.

"அய்யா, இந்த வாரம்னா ரெண்டு நாள் இருக்கு. விட்டா வைகாசிதான். மரம் ஏற ஆளே இல்லாமப் போச்சு. எளவட்டப் பயலுகள்லாம் திருப்பூருல மிசினு ஓட்டுறான். நாங்க நாலு கெழட்டுக் கொரங்குதான் மிச்சம்."

"சித்திரை பிறக்கலையேப்பா?"

"மழைதான் பொறந்துருச்சுல்ல."

தங்கையிடம் கேட்டேன். "வரச் சொல்லுண்ணே, மழை முந்திருச்சு" என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. இப்போது யோசித்தால், நாங்கள் போன வருடத்து நோய்க்குத்தான் இந்த வருடம் மருந்து குடித்திருக்கிறோம். அதுவும் இரட்டை அளவு. அந்த இரட்டை அளவைச் சொன்னவன் நான்.

முதல் நாள் காலை கீழ்ப்பாதியில்தான் தொடங்கினோம். அழுகல் கண்டது அங்கேதானே. நான் மரத்தடியில் நின்று ஒவ்வொரு கிளையாகக் கைகாட்டினேன். மரம் ஏறுகிறவர் மேலே இருந்து கேட்டார்.

"இம்புட்டுப் போதும்ல அய்யா?"

"இன்னும் ரெண்டு எடு. அந்தக் கிழக்குக் கிளையையும் எடு. போன வருசம் பட்டது போதும்."

"எடுத்தா மரம் மொட்டையாப் போகும்யா. பழனிக்கு நேந்துக்கிட்டீகளோ?"

அவர் சிரித்தார். கீழே கிளைகளை ஒதுக்கிக்கொண்டிருந்த தங்கையும் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

இப்படிக் கைகாட்டியதில் நேரம் அதிகமாகிவிட்டது. கீழ்ப்பாதி முடியவே இரண்டாம் நாள் மதியம் ஆயிற்று. என் பாதிக்கு வந்தபோது அவர்களிடம் நான்கு மணி நேரம்தான் மிச்சம். பதினேழு மரங்களில் ஆறு மரங்களைத்தான் தொட்டார்கள். மற்ற பதினொன்றையும் கழிக்காமலே இறங்கிவிட்டார்கள். எனக்குக் கோபம். அரை வேலைக்கு எதற்கு முழுக்கூலி என்று ஜீப் நிற்கும் இடம்வரை அவரோடு வாதாடிக்கொண்டே போனேன்.

அந்த மழைக்குப் பிறகு மழையே இல்லை. பங்குனி முடியும்வரை இல்லை. சித்திரை பிறந்தும் இல்லை. மலையில் காலை எட்டு மணிக்கே வெயில் சுட்டது. ஓடையில் தண்ணீர் ஓடுவது நின்றது. வெயில் சுடுகிறது என்று மலைக்காரர்கள் குடை பிடித்து நடந்ததை அந்த வருடம்தான் பார்த்தேன். ஏப்ரல் 27ஆம் தேதி முப்பத்தொரு தூர்களில் தொடங்கியது, மே மாதம் நான்காம் தேதி நூற்றுப் பத்தொன்பதாகிவிட்டது.

மேல்பாதியில் மழைநீர் பிடித்து வைக்கிற படுதாக்குளம் ஒன்று இருக்கிறது. மண்ணைத் தோண்டி உள்ளே தார்ப்பாய் விரித்தது. இரண்டு பாதிக்கும் பொது. தினமும் குச்சியை விட்டு அளந்துபார்த்தேன். மிச்சமிருந்த தண்ணீரை இரண்டு பாதிக்கும் விட்டால் ஒன்பது நாள் வரும், கீழ்ப்பாதிக்கு மட்டும் விட்டால் பதினெட்டு நாள். கீழ்ப்பாதிக்கு மட்டும் விட்டேன். பச்சை நிழல்வலை வாங்கலாம் என்று போடியில் கடை கடையாக ஏறி இறங்கினேன். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அதே யோசனை வந்திருந்தது. தேனியிலும் இல்லை. மலையில் ராஜாக்காட்டிலும் இல்லை.

மறுநாள் காலை தங்கை ஜீப்பிலிருந்து மூன்று பெரிய மூட்டைகளை இறக்கினாள்.

"என்னத்தா இது, வெளுக்கப் போடவா?"

"சேலைண்ணே. ஊருல ஆளுக்கு ரெண்டு மூணுன்னு குடுத்தாக. வலை இல்லைன்னா என்ன, இதுவும் நெழல்தான." ஒரு ரோஜா நிறச் சேலையை உதறிக் காட்டினாள். "இது எங்க கொழுந்தியா முகூர்த்தச் சேலை. 'ஏலத்துக்காச்சும் கட்டிப் பாருங்க மதினி, நான் கட்டி ஒண்ணும் வெளங்கல'ன்னு குடுத்தா."

கழித்த மரத்துக்கும் மரத்துக்கும் இடையில் கயிறு கட்டி, எண்பத்தாறு சேலைகளை விரித்தோம். மூன்று நாள் பிடித்தது. வேலை முடிந்தபோது அந்தச் சரிவு முழுக்கப் பூப்போட்டதும் கட்டம் போட்டதுமாக இருந்தது. அவள் சேலைகளுக்குக் கீழே குனிந்து குனிந்து ஒவ்வொரு தூரையும் தொட்டுப் பார்த்துக்கொண்டு போனாள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலியருகில் வந்து நின்றார். எங்களைவிடப் பத்து மடங்கு நிலம் உள்ளவர். மலையாளி. எங்களோடு தமிழில்தான் பேசுவார், அவருடைய தமிழில்.

"அண்ணாச்சி, தோட்டத்துக்குக் கல்யாணமோ?"

நான் பதில் சொல்லுமுன் தங்கை சொன்னாள். "ஆமா சேட்டா. மாப்ளை மழை. தாலி கட்ட இன்னும் ஆளக் காணோம்."

சேலைகள் வேலை செய்தன. அதைச் சொல்லியாக வேண்டும். அடுத்த பத்து நாளில் சாய்ந்தவை பதினான்குதான். சாய்ந்த தூர்களிலேயே இருபது இருபத்தைந்தில் அடியிலிருந்து புதிய குருத்து எட்டிப் பார்த்தது. எழுபத்து மூன்று வயதில் மண்டியிட்டு அந்தக் குருத்துகளைப் பார்த்தேன். முக்கால்வாசி தப்பிவிடும் என்று கணக்கு வந்தது. அவளிடம் சொன்னேன். "முக்கால்வாசி போதும்ணே" என்றாள்.

மே மாதம் மூன்றாம் வாரம் மழை வந்தது. கோடை மழை என்று அதைச் சொல்லக் கூசுகிறது. கோடை மழை சாயங்காலம் இடித்து ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். இது வெள்ளிக்கிழமை காலையில் பிடித்து, விட்டு விட்டுக்கூட இல்லாமல், ஒரே கனத்தில் நின்று பெய்தது. தங்கை அன்று மேலேயே இருந்தாள். தூர்களில் குருத்து வந்ததிலிருந்து ஸ்டோரை ஒட்டிய அறையில்தான் தங்கியிருந்தாள். சனிக்கிழமை காலை நான் போடியிலிருந்து ஜீப்பில் கிளம்பினேன். மலையடிவாரத்தில் முந்தலில் நிறுத்திவிட்டார்கள். மேலே பாறை உருண்டு சாலையில் கிடக்கிறதாம், மரங்களும் சாய்ந்திருக்கின்றனவாம். தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிவந்த ஜீப்புகள் வரிசையாகத் திரும்பிக்கொண்டிருந்தன.

"பெரியவரே, எத்தனை வாட்டி கேட்டாலும் ரோடு தெறக்காது. வீட்டுக்குப் போங்க" என்றார் சோதனைச் சாவடிக் காவலர்.

டீக்கடைத் தகரத்துக்குக் கீழே நின்று போன் அடித்துக்கொண்டே இருந்தேன். ஏழாவது முறை எடுத்தாள். மழைச் சத்தத்தில் அவள் குரல் தள்ளித் தள்ளிக் கேட்டது.

"மாப்ளை வந்துட்டாருண்ணே. சீரு செனத்தி ரொம்ப."

"விளையாடாத. தோட்டம் எப்பிடி இருக்கு?"

"சேலையெல்லாம் தண்ணியப் பிடிச்சுக்கிட்டுத் தொட்டிலாத் தொங்குது. ஒண்ணொண்ணும் ரெண்டு கொடம், மூணு கொடம். கயிறு அந்து மொத்தமாத் தூரு மேல விழுகுது. விழுந்தா தட்டை நொறுங்கிப் போகுது."

"அவுத்து விடு."

"முடிச்சு நனைஞ்சு இறுகிப் போச்சு. அருவாளால அறுத்துக்கிட்டிருக்கேன்."

"மரத்தடிக்குப் போகாத. தோட்டம் போனாப் போகட்டும், நீ ரூமுக்குள்ள…"

போன் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு கிடைக்கவில்லை. எண்பத்தாறு சேலை, சேலைக்கு நான்கு முடிச்சு. முன்னூற்று நாற்பத்து நான்கு முடிச்சு. அந்த மழையில் அறுபத்தொன்பது வயதுக்காரி ஒருத்தி அரிவாளோடு நிற்கிறாள். சனியும் ஞாயிறும் காலையிலிருந்து மாலைவரை நான் முந்தலில்தான் நின்றேன். நான் அங்கே நின்றதால் அவளுக்கு ஒரு முடிச்சுகூடக் குறையவில்லை.

திங்கட்கிழமை பதினொரு மணிக்குச் சாலையின் ஒரு பக்கத்தை மட்டும் திறந்துவிட்டார்கள். நான் போனபோது அவள் ஸ்டோருக்குள் உட்கார்ந்து சேலைகளைப் பிழிந்து மடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு உள்ளங்கையிலும் துணி சுற்றியிருந்தது.

"வாண்ணே. சாப்ட்டியா? எழுபத்தெட்டு இருக்கு. எட்டுச் சேலைய ஓடை கொண்டுபோயிருச்சு. குடுத்தவகளுக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல."

நான் கீழே இறங்கிப் பார்த்தேன். மரத்தில் இலை இருந்தால் மழை இலையில் விழுந்து, உடைந்து, சொட்டாகத்தான் இறங்கும். கீழ்ப்பாதியில் அதை உடைக்க இலை இல்லை. வானத்திலிருந்து நேராக மண்ணில் இறங்கியிருக்கிறது. மேல்மண் இரண்டு விரற்கடை போய், வேர்கள் நரம்புபோல வெளியே தெரிந்தன. குருத்துகளைக் காணவில்லை. அவள் அறுத்துக் காப்பாற்றியதில் சில தூர்கள் நின்றன. வெயிலில் தப்பியவற்றில் பல தண்ணீரில் ஒடிந்து கிடந்தன. எண்ணினேன். எண்பத்தெட்டு. மறுபடி எண்ணினேன். நானூற்றுப் பன்னிரண்டில் நிற்பவை எண்பத்தெட்டுதான். பிறகு மேலே போய் என் பாதியைப் பார்த்தேன். கழிக்காமல் விட்ட பதினொரு மரங்களின் கீழே எல்லாத் தூர்களும் கழுவிவிட்டது போலப் பச்சையாக நின்றன. அந்த நேரத்தில் அந்தப் பச்சையைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது.

ஊர் பேசாமல் இருக்குமா? அடுத்த வாரம் ஜீப்பில் முன்சீட்டில் நான் இருப்பது தெரியாமல் பின்னால் ஒருவன் சொன்னான். "அளவுக்காரரு தங்கச்சி பாதிக்கு மொட்டை போட்டுட்டு, தம் பாதிக்குக் குடை பிடிச்சிட்டாருடா." வண்டியில் எட்டுப் பேர் சிரித்தார்கள். 

தங்கையிடம் நானே கேட்டேன். "நீயும் அப்பிடித்தான் நெனைக்கிறியா?"

"கூறுகெட்ட பேச்சு. வெரசாக் கழின்னு சொன்னது நானு."

"கிழக்குக் கிளையையும் எடுன்னு சொன்னது நான்."

"நல்லதுக்குத்தானண்ணே சொன்ன."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என் பாதியை எடுத்துக்கொள், உன் பாதியை நான் வைத்துக்கொள்கிறேன் என்றேன். நான் அளந்து நட்ட கல்தானே, மாற்றி எழுதிக்கொண்டால் போகிறது. அவள் கையை ஆட்டினாள்.

"உன்னையக் கருகல்ல ஒக்கார வச்சிட்டு ஓம் பாதியில நான் காய் எடுக்கவா? எனக்குத் தொண்டையில சோறு எறங்குமா?"

"அப்ப மறுபடியும் நடுவோம். நாத்து நான் வாங்கித் தர்றேன்."

"காய்க்க மூணு வருசம். மூணு வருசம் கழிச்சு ஜீப்புல ஏற எனக்குக் காலு இருக்குமான்னு எண்ணிச் சொல்லு. நீதான் எல்லாத்தையும் எண்ணுவியே."

 அந்த வாரமே மகனுக்குப் போன் செய்து, வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். பையன் சந்தோஷத்தில் எனக்கும் போன் செய்தான். கீழ்ப்பாதியை விற்றுப் பணத்தை வங்கியில் போட்டுவிடுவோம், அவளுக்கென்று கையில் ஏதாவது இருக்கும் என்றான். சரியான பேச்சுதான். மூன்றாவது மாடியில் இருந்தாலும் சொந்தப் பணத்தில் இருக்க வேண்டும் என்று அவளும் நினைத்தாள்.

வாங்குகிறவர் பக்கத்துத் தோட்டத்துக்காரர்தான். வேறு ஆள் இல்லை. நான் தனியாகப் போய்ப் பார்த்தேன். அவர் நிலத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார்.

"அண்ணாச்சி, மண்ணு போயி. வேரு போயி. நான் புதுசா மண்ணு கொண்டுவந்து கேத்தணும். பதினொண்ணு தரும். லட்சம் பதினொண்ணு."

"மார்ச் மாசம் கேட்டிருந்தா?"

"மார்ச்சுல பதினெட்டு தந்திருக்கும். மார்ச்சு இல்லல்லோ இப்ப."

"அவகிட்ட பதினெட்டுன்னு சொல்லுங்க. மிச்சத்தை நான் தர்றேன்."

அவர் "சரி" என்று மட்டும் சொன்னார். பத்திரச் செலவில் பாதி விற்கிறவர் தலையில் விழும் என்றார். அதையும் அவளிடம் கேட்காதீர்கள் என்றேன்.

பதிவு முடிந்து திரும்பி வரும்போது பஸ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து அவள் வழியெல்லாம் சேட்டனைப் புகழ்ந்துகொண்டே வந்தாள்.

"கருகிப் போன நெலத்துக்குப் பதினெட்டு குடுக்க யாருக்கு மனசு வரும்? நம்ம ஊருல ஒருத்தன் குடுப்பானா? பத்திரச் செலவுகூட வேணாம்னுட்டாரு. மனுசன்னா அவருதாண்ணே."

"நல்ல மனுசன்தான்" என்றேன். 

போகிற அன்று ஒரு டப்பா நிறைய அதிரசம் சுட்டு, சேட்டனிடம் கொடுத்துவிடு என்று என்னிடம் தந்தாள். கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒன்றை எடுத்துக்கொண்டு டப்பாவை என் பக்கம் தள்ளினார். எனக்குச் சர்க்கரை இருக்கிறது, இருந்தாலும் இரண்டு தின்றேன். அவள் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசுகிறாள். லிப்ட்டில் தனியாகப் போய் வரப் பழகிவிட்டாளாம். முதலில் மழை உண்டா என்று கேட்பாள், அடுத்தபடி சேட்டன் சுகமா என்று கேட்பாள்.

இதைப் படித்து அவளுக்குத் தெரிந்தால் தெரியட்டும். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று வந்தால் நான் கதவைத் திறக்கப் போவதில்லை. விலையில் நான் சேர்த்தது ஏழு லட்சம், பத்திரச் செலவில் அவள் பங்கு பதினாலாயிரத்து இருநூற்றைம்பது. ஆக மொத்தம் ஏழு லட்சத்துப் பதினாலாயிரத்து இருநூற்றைம்பது ரூபாய்.